வெயிலுக்கும் வேலைக்கும் எந்த ஜீன்ஸ்?

திருநெல்வேலிப் பக்கம் ஜீன்ஸ் எடுக்கப் போகிறவர்கள் கடையில் விலை கேட்பார்கள், சைஸ் சொல்வார்கள், கலர் பார்ப்பார்கள். துணி என்ன கனம், அதில் இழுபடும் லைக்ரா இழை எவ்வளவு, கவட்டைக்கும் இடுப்புப் பட்டிக்கும் நடுவில் உயரம் போதுமா என்று பார்ப்பவர்கள் குறைவு. எடுத்த பேண்ட் ஆறு மாதத்தில் கந்தலாகுமா, மூன்று வருடம் உழைக்குமா என்பது பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கிறது. பிராண்டு பெயர் அதற்கு அப்புறம்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போட, வண்டி ஓட்ட, சாயங்காலம் கடை கண்ணிக்குப் போய்வர எல்லாவற்றுக்கும் ஒரே பேண்ட் வேண்டுமென்றால், 10 முதல் 12 அவுன்ஸ் கனத்தில், பருத்தி 98 சதவீதத்துக்குக் குறையாமல், இடுப்பில் நன்றாக ஏறி நிற்கும் ஸ்ட்ரெய்ட் கட் ஜீன்ஸ்தான் நம் ஊருக்குச் சரி. எல்லாருடைய வேலையும் ஒன்றல்ல என்பதால் மற்ற வகைகளுக்கும் இடம் உண்டு.

கனம்

ஒரு சதுர கஜம் துணி எத்தனை அவுன்ஸ் எடை இருக்கிறது என்பதுதான் ஜீன்ஸ் துணியின் கனக் கணக்கு. சில இடங்களில் ஜிஎஸ்எம் என்று ஒரு சதுர மீட்டரின் எடையை கிராமில் போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸுக்கு ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம் என்று வைத்துக்கொண்டால் போதும். 10 அவுன்ஸ் என்பது 340, 12 அவுன்ஸ் என்பது 408, 14 அவுன்ஸ் என்பது 475 என்று வரும்.

கட்டியான துணி அதிகம் உழைக்கும் என்பது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 14 அவுன்ஸ் ஜீன்ஸ் உரசலைத் தாங்கும், முள் குத்தினால் சட்டென்று கிழியாது. பேட்டைப் பக்கம் பட்டறையில் வேலை செய்பவருக்கும், டயர் கடையில் நாள் முழுக்க முட்டி போட்டு நிற்பவருக்கும் அது நல்லது. ஆனால் மே மாதம் பாளையங்கோட்டையில் வெயில் 38 டிகிரியைத் தொடுகிற நாளில், அந்தத் துணிக்குள் காற்று போகாது. வியர்வையில் நனைந்தால் இன்னும் கனக்கும், தொடையில் ஒட்டும், காலை மடக்கும்போதெல்லாம் முட்டியைப் பிடித்து இழுக்கும். பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைக் கோபுரத்தில் ஏணி ஏறுகிறவருக்கு அந்த இழுப்பு சாதாரண விஷயமல்ல. ஒவ்வொரு படிக்கும் முட்டி மடங்க வேண்டும். அவருக்கு 14 அவுன்ஸைவிட 11 அவுன்ஸ்தான் நல்லது.

காய்வதும் ஒரு பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கனத்த ஜீன்ஸ் ஒரு நாளில் காயாது. இடுப்புப் பட்டியும் பாக்கெட் ஓரமும் ஈரமாகவே இருக்கும், ஒரு வாடை வந்துவிடும். இரண்டே பேண்ட் வைத்திருப்பவருக்கு இது பெரிய தொல்லை.

மறுபக்கம், 7, 8 அவுன்ஸ் மெல்லிய ஜீன்ஸ். போட்டால் சுகம், காற்றோட்டம், சீக்கிரம் காயும். வண்ணார்பேட்டையில் ஏசி ஷோரூமில் நின்று வேலை பார்ப்பவருக்கும், பேருந்தில் போய் அலுவலகத்தில் உட்காருபவருக்கும் இது போதும். ஆனால் தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வண்டியில் வந்து போகிறவர் இதை நம்பக்கூடாது. இரு சக்கர வண்டியில் உட்காரும் இடமும், உள் தொடையும், கவட்டையும் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். மெல்லிய துணி முதலில் அங்கேதான் வெளுத்து, நூல் நூலாகப் பிரியும்.

10 முதல் 12 அவுன்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெயிலில் சமாளிக்கலாம், உரசலையும் தாங்கும், மழைக்காலத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு ராத்திரி போட்டால் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? லேபிளில் பெரும்பாலும் கனம் போட்டிருக்க மாட்டார்கள். ஒற்றைத் துணியாக உள்ள இடத்தை, தொடைப் பக்கமாகப் பிடித்து, உள்ளே கையை விட்டு டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். கையின் நிழல் தெளிவாகத் தெரிந்தால் அது வேலைக்கான துணி அல்ல. அப்புறம், ஒரே சைஸில் இரண்டு மூன்று ஜீன்ஸை மாறி மாறிக் கையில் தூக்கிப் பாருங்கள். எடை வித்தியாசம் கைக்கே தெரியும்.

லைக்ரா

இன்று கடையில் போய், "அண்ணாச்சி, லைக்ரா இல்லாத ஜீன்ஸ் இருக்கா?" என்று கேட்டால், "எல்லாமே ஸ்ட்ரெச்சுதான் தம்பி, அதைத்தான் எல்லாரும் கேக்காங்க" என்பார். அவர் சொல்வது நிஜம். ஆனால் ஸ்ட்ரெச் என்றால் எல்லாம் ஒன்றல்ல.

ஜீன்ஸ் துணியில் நீள வாக்கில் ஓடும் பாவு நூலுக்குத்தான் நீலச் சாயம். குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. ஊடை நூல் ஒன்றுக்கு மேலே மூன்று பாவு நூல், கீழே ஒன்று என்று சாய்வாக நெய்வதால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் தெரிகிறது. லைக்ரா என்று நாம் சொல்லும் எலாஸ்டேன் இழை வழக்கமாக அந்த ஊடை நூலுக்குள் வைத்து நூற்கப்படுகிறது. அதனால் பெரும்பாலான ஸ்ட்ரெச் ஜீன்ஸ் குறுக்கு வாக்கில்தான் இழுபடும், நீள வாக்கில் இழுபடாது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தொடை இறுக்கம், முட்டி இறுக்கம் போன்றவற்றுக்கு லைக்ரா உதவும். ஆனால் குனியும்போது பின்பக்கம் இறங்குவதற்கும், சம்மணம் போட்டு உட்காரும்போது கவட்டையில் இழுப்பதற்கும் லைக்ரா பெரிதாக உதவாது. அங்கே துணி நீளவாக்கில் போதாமல் இருக்கிறது. அதற்கு மருந்து பேண்டை வெட்டித் தைத்த விதத்தில், அதாவது ‘கட்’டில்தான் இருக்கிறது.

எவ்வளவு லைக்ரா போதும்? 1 அல்லது 2 சதவீதம். வண்டியில் காலைத் தூக்கிப் போடவும், படி ஏறவும் அது தாராளம். 3, 4 சதவீதம் என்று போகும் துணி, உடம்போடு ஒட்டும் பென்சில் ஃபிட்டுக்காகச் செய்யப்படுவது. எலாஸ்டேன் இழை சூட்டுக்கும் குளோரின் ப்ளீச்சுக்கும் பலவீனமானது. காலப்போக்கில் இழுத்தால் திரும்பிச் சுருங்கும் சக்தியை இழந்துவிடும். அப்போது முட்டியில் பை மாதிரி தொங்கும், பின்பக்கம் தொளதொளவென்று ஆகும், இடுப்பு நிற்காது. துணி கிழியாமலேயே பேண்ட் போட முடியாததாகிவிடும். முழுப் பருத்தி ஜீன்ஸும் நாள் முழுக்கப் போட்டால் தளரும், ஆனால் ஒரு முறை துவைத்தால் மறுபடி இறுகிக்கொள்ளும்.

லேபிளில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: பாலியஸ்டர். பருத்தி 70, பாலியஸ்டர் 28, எலாஸ்டேன் 2 என்பது போன்ற கலவைகள் நிறைய வருகின்றன. பாலியஸ்டர் மோசம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். அது உறுதியான இழை, சுருங்காது, சீக்கிரம் காயும். குற்றாலச் சீசனில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலில் நனைந்தே வேலைக்குப் போகிறவருக்குக் கொஞ்சம் பாலியஸ்டர் கலந்த துணி வசதிதான். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. புழுக்கமான நாளில் உள் தொடையில் ஈரம் அப்படியே நிற்கும், அரிப்பும் தடிப்பும் வரும். வெயிலில் அலையும் வேலையில் இருப்பவர்கள் 10, 15 சதவீதத்துக்கு மேல் பாலியஸ்டர் உள்ளதை எடுக்காமல் இருப்பது நல்லது.

வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: முழுப் பருத்திதான், வேறு எதுவும் வேண்டாம். தீப்பொறி பட்டால் பருத்தி கருகும். பாலியஸ்டரும் எலாஸ்டேனும் உருகித் தோலில் ஒட்டும். ஒட்டியதைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். அந்த வேலையில் ஓரத்தை மடித்துவிட்ட பேண்டும் ஆகாது, மடிப்புக்குள் பொறி விழுந்து தங்கும். பருத்தி ஜீன்ஸ் தீப்பாதுகாப்பு உடுப்பு ஆகிவிடாது. அதற்கு மேலே லெதர் ஏப்ரன் கட்டத்தான் வேண்டும்.

கட்

கவட்டைத் தையலிலிருந்து முன்பக்கப் பட்டியின் மேல் விளிம்பு வரை உள்ள உயரம்தான் நான் முதலில் அளப்பது. 34 சைஸில் அது 10 அங்குலத்துக்குக் குறைந்தால் லோ வெய்ஸ்ட் பக்கம் போகிறது என்று அர்த்தம். பின்பக்கம் அதைவிட மூன்று நான்கு அங்குலம் கூட இருக்க வேண்டும். நாம் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், கோயிலில் சம்மணம் போடுகிறவர்கள். எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் பாதி நேரம் குந்தித்தான் வேலை பார்க்கிறார்கள். இந்த உயரம் குறைந்த பேண்டில் குந்தினால் பின்பட்டி இறங்கும், கவட்டைத் தையல் முழுப் பாரத்தையும் வாங்கும்.

கவட்டை ரொம்பக் கீழே தொங்கினாலும் ஆகாது. தொங்கும் துணி ஒவ்வொரு அடிக்கும் இரண்டு தொடைக்கும் நடுவில் மாட்டி உரசும். உடம்புக்கு நெருக்கமாக, ஆனால் இழுக்காமல் இருக்க வேண்டும். நின்றுகொண்டு தொடைப் பக்கம் துணியைக் கிள்ளினால் ஒரு அங்குலம் கையில் வர வேண்டும். பாட்டம் ரொம்ப அகலமாக வேண்டாம், செயினில் மாட்டும். ரொம்ப நேரோவாகவும் வேண்டாம், வயலிலோ தேங்கிய தண்ணீரிலோ இறங்கும்போது முட்டிக்கு மேலே சுருட்ட முடியாது.

டிரையல் ரூமில் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பது போதாது. குந்தி எழுந்து பாருங்கள். ஒரு காலைத் தூக்கி வண்டியில் போடுவது போலப் போட்டுப் பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். பாக்கெட்டில் போனையும் சாவியையும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்யுங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

பெண்கள் ஜீன்ஸில் இந்தப் பிரச்சினை இரட்டிப்பு. துணி மெல்லிசாகவும் லைக்ரா அதிகமாகவும் பாக்கெட் சின்னதாகவும்தான் பெரும்பாலும் வருகிறது. வண்டியில் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கின்னியை விட்டுவிட்டு ஹை வெய்ஸ்ட் ஸ்ட்ரெய்ட் கட் என்று கேட்டு எடுத்தால் துணியின் கனமும் ஓரளவு கூடுதலாகக் கிடைக்கும். பாக்கெட்டில் போன் முழுதாக இறங்குகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

பிராண்டா, பெல்லாரியா, தையல்காரரா?

கர்நாடகத்தின் பெல்லாரி ஜீன்ஸ் தைப்பதற்குப் பெயர்போன ஊர். அங்கிருந்து வந்து ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஜீன்ஸில் நல்ல துணியும் உண்டு, மோசமானதும் உண்டு. ஒரே பண்டலில் ஒன்று நன்றாக இருக்கும், பக்கத்தில் உள்ளது வேறு மாதிரி இருக்கும். தையலைப் பார்த்து எடுக்கத் தெரிந்தால் பட்டறை வேலைக்கு இதைவிட லாபமான ஜீன்ஸ் இல்லை. கிரீஸும் பெயின்டும் படப்போகும் பேண்டுக்கு மூவாயிரம் கொடுக்க வேண்டியதில்லை.

பெரிய பிராண்டுகளில் அளவு ஒரே சீராக வரும், ஜிப்பும் ரிவிட்டும் நல்லதாக இருக்கும், சாயம் அவ்வளவாக ஒட்டாது. ஆனால் அதே பிராண்டு 8 அவுன்ஸ் ஸ்ட்ரெச்சும் விற்கும், 13 அவுன்ஸ் முழுப் பருத்தியும் விற்கும். பெயரைப் பார்த்து கண்ணை மூடி எடுக்க முடியாது. விலையில் ஒன்றைக் கவனிக்கலாம்: 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரை உள்ள உடுப்புக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேலே போனால் 18 சதவீதம். தள்ளுபடியில் அந்தக் கோட்டுக்குக் கீழே வரும் நல்ல ஜீன்ஸைத் தேடுவது புத்திசாலித்தனம்.

தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பது இன்று குறைந்துவிட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1990களின் நடுவில் அரவிந்த் மில்ஸ் ரஃப் அண்ட் டஃப் என்று துணி, ஜிப், பட்டன், ரிவிட் எல்லாம் ஒரே பொட்டலத்தில் போட்டு விற்றது. உள்ளூர்த் தையல்காரர் அதைத் தைத்துக் கொடுத்தார். ஜீன்ஸ் வரலாற்றிலேயே தையல்காரருக்குப் பங்கு உண்டு. பாக்கெட் மூலைகள் கிழிவதைப் பார்த்துச் செப்பு ரிவிட் அடித்தவர் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர்தான். அவருக்குத் துணி கொடுத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் அவரும் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள்.

வயிறு கொஞ்சம் முன்னால் இருப்பவர்கள், தொடை பெருத்து இடுப்பு சிறுத்தவர்கள், ரெடிமேடில் எதுவும் சரியாக உட்காராதவர்கள் தையல்காரரிடம் போவதுதான் சரி. கவட்டை உயரம், தொடைச் சுற்று, நீளம் எல்லாம் நம் அளவுக்கு வரும். 58 அங்குல அகலத் துணியில் சாதாரண உடம்புக்கு ஒன்றேகால் மீட்டர் போதும். வெட்டுவதற்கு முன்னால் துணியை ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள், பிறகு சுருங்கி ஏமாற்றாது. இதில் குறையும் இருக்கிறது. கவட்டையில் நான்கு பக்கத் தையலும் கூடும் இடத்தில் துணி பல மடிப்பாகக் குவியும், வீட்டு மெஷின் ஊசி அங்கே உடையும். பவர் மெஷின் வைத்திருக்கிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். நூலும் முக்கியம். விக்கிரமசிங்கபுரத்தில் மதுரா கோட்ஸ் ஆலை தையல் நூலுக்கே பெயர்பெற்றது. அந்த ஊரை வைத்துக்கொண்டு சட்டை தைக்கும் மெல்லிய நூலில் ஜீன்ஸ் தைக்க விடாதீர்கள். கனத்த பாலியஸ்டர் நூல் என்று கேளுங்கள்.

நாள் முழுக்க வெட்டவெளியில் வேலை என்றால் ஜீன்ஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. பருத்தி டிரில் துணியில் தைத்த காக்கி பேண்ட் ஜீன்ஸைவிடக் குளிர்ச்சி, துவைக்கவும் சுலபம். வெயிலில் நிற்கும் சர்வேயருக்கும் செங்கல் சூளையில் நிற்பவருக்கும் அதுதான் என் சிபாரிசு.

தையலை எங்கே பார்ப்பது?

பேண்டை உள்பக்கமாகத் திருப்புங்கள். உள் தொடைத் தையலோ வெளிப்பக்கத் தையலோ, ஏதாவது ஒன்றாவது துணியின் விளிம்பு உள்ளே மடிந்து இரட்டைத் தையலாக இருக்க வேண்டும். இரண்டுமே விளிம்பில் நூல் சுற்றிவிடும் வெறும் ஓவர்லாக்காக இருந்தால் அது மலிவு வேலை. பாக்கெட் மூலை, பெல்ட் லூப், ஜிப்பின் அடி ஆகிய இடங்களில் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கிறதா பாருங்கள். பாக்கெட் துணியை விரலால் தேயுங்கள். கொசுவலை போல மெல்லிசாக இருந்தால் சாவி சீக்கிரம் ஓட்டை போட்டுவிடும். ஜிப் உலோகமாக இருக்கட்டும். காலை நீளமாக விரித்தால் பக்கத் தையல் முன்னால் சுருளாமல் நேராக ஓட வேண்டும். சுருளுகிற கால் துவைக்கத் துவைக்க இன்னும் சுருளும்.

தொடையில் வெளுப்புக் கோடு, முட்டியில் கிழிசல் வைத்து வருவதை வேலைக்கு எடுக்காதீர்கள். தேய்த்தும் கல்லோடு போட்டு அலசியும்தான் அந்த வெளுப்பைக் கொண்டுவருகிறார்கள். பாதி ஆயுள் கடைக்கு வரும் முன்பே போயிருக்கும். கரு நீலம், வாஷ் குறைந்தது எடுங்கள். முதல் சில துவைப்புக்குச் சாயம் போகும், தனியாகத் துவைத்தால் சரி.

துவைகல்லில் அடிப்பதை ஜீன்ஸுக்கு மட்டும் விட்டுவிடலாம். மடிப்பு விளிம்பில் நூல் முறியும், லைக்ராவும் சீக்கிரம் போகும். உள்பக்கமாகத் திருப்பி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரஷ் போட்டால் போதும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போல உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் சோப்பு சரியாக அலசப்படாமல் துணி விறைத்துப்போகும், ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். நிழலில் காயப்போடுங்கள். இரண்டு ஜீன்ஸ் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் நடுவில் துணிக்கு ஓய்வு கிடைக்கும், ஈரத்தோடு போடும் அவசியமும் வராது.

கவட்டையில் துணி வெளுத்து, குறுக்கே வெள்ளை நூல் தெரிய ஆரம்பித்த உடனேயே உள்பக்கமாக ஒரு துண்டு வைத்துத் தைத்துவிடுங்கள். கிழிந்த பிறகு போனால் சுற்றியுள்ள துணியும் நைந்திருக்கும், தையல் பிடிக்காது. அந்தத் துண்டுக்கு வேறு எங்கும் தேட வேண்டாம். புதிதாக எடுத்த அன்று ஆல்ட்ரேஷன் கடையில் நீளம் குறைக்கக் கொடுக்கும்போதே, வெட்டிய இரண்டு வளையத்தையும் கேட்டு வாங்கி வீட்டில் ஊசி நூலோடு போட்டு வையுங்கள்.